உடைத்தவன் உட்காரக் கூடாது

மதுரையில் இதுவரை எந்த போல்ட்டையும் யாரும் உடைத்ததில்லை. மெக்கானிக்குகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் தானாக உடைந்தவை. தொட்டதும் உடைந்தவை, தொடுவதற்கு முன்பே உடைந்தவை, 'ஏற்கெனவே எவனோ கை வச்சிருக்கான்ணே' வகையைச் சேர்ந்தவை. இந்த ஊரில் இதை நம்ப மறுத்த ஒரே மனிதர் கட்போல்ட்டார்.

பைக் இன்ஜினில் ஒரு போல்ட் தலை முறிந்து, மிச்சம் உள்ளேயே சிக்கிக்கொண்டால் அதற்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் கட் போல்ட் என்று பெயர். அதை வெளியே எடுப்பது மட்டும்தான் இவருடைய தொழில். பஞ்சர் பார்க்க மாட்டார், ஆயில் மாற்ற மாட்டார், பிரேக்கை இறுக்கித் தரச் சொன்னால் கூட, "அதுக்கு வேற ஆளப் பாருப்பா" என்பார். வில்லாபுரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. சொந்தப் பெயர் என்ன என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. மரியாதைக்காக ஓர் 'ஆர்' சேர்த்துக் கட்போல்ட்டார் ஆக்கிவிட்டார்கள்.

ஆள் ஒல்லி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். வலது முழங்காலில் தீராத வலி. எப்போது பார்த்தாலும் இப்போதுதான் ஒரு சாவு வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தவர் போன்ற அசதி முகத்தில் இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு எவன் வந்தாலும், உப்பு எங்கே என்று கேட்கிற குரலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஒடச்சவன் எங்க?"

வண்டி யாருடையது என்பது அவருக்கு முக்கியமில்லை. உடைத்தவன் நேரில் வர வேண்டும். வந்து எப்படி உடைத்தான் என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு போல்ட் வெளியே வரும்வரை மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வண்டிக்காரன் உட்காரலாம். அவனுக்கென்று பழைய பைக் சீட் ஒன்றை ஸ்டூலில் கட்டி வைத்திருந்தார். உடைத்தவன் உட்காரக் கூடாது.

இதற்கு அவர் வைத்திருந்த காரணம் நியாயமானதுதான். இறுக்கும்போது முறிந்த போல்ட் வேறு, கழற்றும்போது முறிந்த போல்ட் வேறு. முதலாவது உள்ளே சும்மா நிற்கிறது, லேசாகத் திருப்பினால் வந்துவிடும். இரண்டாவது துருப்பிடித்து இன்ஜினின் திருகு மரையோடு ஒட்டிப்போனது. அதற்குச் சூடு காட்டணும், காத்திருக்கணும், கெஞ்சணும். எது என்று உடைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ சொல்ல மாட்டான்.

"எப்பிடிய்யா ஒடஞ்சுச்சு?"

"தானா ஒடஞ்சிருச்சுண்ணே."

"தானா ஒடைய அது என்ன முட்டையா? உள்ள இருந்து கோழிக்குஞ்சு வந்துச்சா?"

மெக்கானிக்குகள் தாங்கள் வரக் கூச்சப்பட்டு வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். பஜ்ஜி போடுகிறவரை ஒருவன் அனுப்பினான். கட்போல்ட்டார் அவரிடம் ஸ்பேனரைக் கொடுத்து, "எப்பிடிப் பிடிச்ச, காட்டு" என்றார். அவர் அதைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்தார். அதோடு அந்த வழி அடைபட்டது.

ஒருமுறை மிஷன் பள்ளிக்கூடத்து சார் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேர்த்து வழிந்துகொண்டே, "நான்தாங்க ஒடச்சேன்" என்றார். கட்போல்ட்டார் போல்ட்டைப் பார்த்தார், சாரின் கையைப் பார்த்தார், மறுபடி போல்ட்டைப் பார்த்தார். "இது உங்க வேல இல்ல சார். ஒடச்சவங்களக் கூட்டிட்டு வாங்க." சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவருடைய மனைவி குடையோடு வந்து நின்றார்.

"நாந்தாண்ணே திருகினேன். இவரு ஒரு மணி நேரமா அதச் சுத்திச் சுத்தி வந்தாரு. எனக்குப் பொறுக்கல."

"எந்தப் பக்கமாத் திருகினீங்க?"

"கழட்டுற பக்கந்தான். நல்லாத் தெரியும் எனக்கு."

"சரியாத்தான் திருகியிருக்கீங்க. போல்ட்டு சரியில்ல" என்று கட்போல்ட்டார் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அம்மா நின்றார், சார் சீட்டில் உட்கார்ந்தார். பாவம், முள்ளில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு அவர் செய்கிற வைத்தியம் மெழுகுவர்த்தி. கேஸ் அடுப்புத் தீயால் போல்ட்டைச் சுற்றி இன்ஜினைச் சுட வைப்பார். சூடு ஏறியதும் மெழுகுவர்த்தியை அதன்மேல் வைப்பார். மெழுகு உருகி, மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சர்ச்சில் எரிந்து மிச்சமான துண்டுகளை, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக் கொடுப்பார். மெழுகு வைத்ததும் எல்லோரும் திரும்பிக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் ஆறாதாம். முறிந்த போல்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையாக இருப்பார்கள். பூசை முடிந்து அந்த வழியாகப் போன ஓர் அம்மா, இன்ஜின் முன்னால் மெழுகுவர்த்தியையும் தலைகுனிந்த ஆட்களையும் பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ரொம்ப முடியாமக் கெடக்கா?" என்று, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஆமாக்கா" என்றேன். வேறென்ன சொல்வது.

இந்தச் சட்டத்தால் கட்போல்ட்டார் ஒரு கூட்டாளியை இழந்திருந்தார். அருளப்பன் என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கொட்டகையைப் போட்டார்கள். ஒரு நாள் அருளப்பன் கையில் ஒரு போல்ட் முறிந்தது. கடை நிறைய ஆட்கள். அவரும் எல்லோரையும் போல, "தானா ஒடஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டார். கட்போல்ட்டார் அத்தனை பேர் முன்னாலும் அவரை மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். மத்தியானம் முழுக்க நின்றார் அருளப்பன். போல்ட் வெளியே வந்ததும், கையைத் துடைத்த துணியை மேஜையில் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. சமயநல்லூரில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கட்போல்ட்டார் திண்டுக்கல் போவதாக இருந்தால் கூட, சமயநல்லூர் வழியாகப் போகாமல் நத்தம் சுற்றித்தான் போவார் என்று சந்தில் சொல்லுவார்கள்.

என் கதைக்கு வருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஆந்திராவில் முறுக்குப் பிழிந்தேன், காளவாசலில் செங்கல் சுமந்தேன், ஒரு ஹாஸ்டலில் மூன்று வேளையும் சாம்பார் கிண்டினேன். எங்கேயும் ரொம்ப நாள் இருந்ததில்லை. சிலது என்னை விட்டது, சிலதை நான் விட்டேன். அப்போது வில்லாபுரத்தில் ஒரு பேக்கரிக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது, விடியும் முன்பே பன், ரஸ்க், வர்க்கி எல்லாம் மூட்டை கட்டி பைக்கின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, ஊர் ஊராக டீக்கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவது. மழை, காய்ச்சல், இழவு எதற்கும் லீவு இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் டீக்கடைப் பாட்டிலில் வேறு எவனாவது அவனுடைய பன்னைப் போட்டுவிடுவான். லோடு ஆட்டோ வைத்திருந்த ஒருவன் என் லைன்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தான்.

அன்று கீழக்குயில்குடி போகும்போது சைலன்சர் ஆட ஆரம்பித்து, வண்டி கத்திய கத்தலில் சமணர் மலை பார்க்க வந்தவர்கள் எல்லாம் மலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மாயழகு அண்ணனுடைய டீக்கடையில் நிறுத்தினேன். அவர் விவசாயக் குடும்பம், டீக்கடை கிளைத்தொழில். கிணற்று மோட்டார் முதல் டிராக்டர் வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறவர்.

"மாப்ள, நட்டு லூசா இருக்கு. ஒரு இறுக்கு இறுக்குனா தீந்துச்சு. இதுக்குப் போயி மதுரைக்கா போவ?"

சொல்லிக்கொண்டே ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து, அதன் வாலில் ஒரு பைப்பை மாட்டினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சைலன்சர் தரையில் கிடந்தது. இன்ஜினில் போல்ட்டின் மிச்சம் மட்டும் மட்டமாகத் தெரிந்தது.

சைலன்சரைக் கம்பியால் கட்டி, காது செவிடாகும்படி வண்டியை ஓட்டிக்கொண்டு வில்லாபுரம் வந்து சேர்ந்தேன். பாதிக் கடைகளுக்குச் சரக்குப் போகவில்லை. பேக்கரி முதலாளி போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குக் காலையில வண்டி நிக்கணும் தம்பி. இல்லாட்டி லைன லோடு ஆட்டோவுக்குக் குடுத்துருவேன். தப்பா எடுத்துக்காத" என்றார்.

கட்போல்ட்டார் குனிந்து பார்த்தார்.

"ஒடச்சவன் எங்க?"

"கீழக்குயில்குடில டீ ஆத்திக்கிட்டு இருக்காருண்ணே."

"கூட்டிட்டு வா."

"அண்ணே, அவரு பெரிய குடும்பம். கடைய விட்டு வருவாரா? நாளைக்கு வண்டி இல்லாட்டி என் லைனு போயிரும்ணே."

"அப்ப வெரசாக் கூட்டிட்டு வா."

டவுன் பஸ் ஏறி மறுபடியும் கீழக்குயில்குடி. மாயழகு அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். "நான் ஒடச்சேன்னா அத நான் எதுக்கு மதுரைக்கு வந்து சொல்லணும்? இங்க நின்னு சொல்றேன், கேட்டுக்க, நாந்தான் ஒடச்சேன்! போதுமா?" நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போடுகிற சட்டை.

"வா மாப்ள. அப்பிடி என்ன கோர்ட்டுன்னு நானும் பாத்துர்றேன்."

கோர்ட் ஆரம்பித்தது.

"எப்பிடி ஒடஞ்சுச்சு?"

"ஒடஞ்சுச்சா? நான் ஒடச்சேன்யா. ஸ்பேனர்ல பைப்ப மாட்டி ஒரு மிதி மிதிச்சேன்."

கட்போல்ட்டார் நிமிர்ந்தார். "மிதிச்சியா?"

"கால வச்சு. இந்தா, இந்தக் கால்தான்." செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார்.

"கழட்டவா, இறுக்கவா?"

"இறுக்கத்தான்."

கட்போல்ட்டார் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். அசதியெல்லாம் எங்கே போனதோ. "அண்ணே, இந்தக் கடைக்கு வந்து மிதிச்சேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். எம்புட்டுப் பேரப் பாத்துட்டேன்! எவனும் கையக் கூட ஒத்துக்க மாட்டான். நீங்க காலையே காட்டுறீங்க!" என்றவர், பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். அவர் காசில் டீ வந்தது அந்தச் சந்தில் ஒரு செய்தி. மாயழகு அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால்ல தண்ணியா, தண்ணில பாலா?" என்று ஆரம்பித்தார். பேச்சு வளர்ந்தது.

வேலை நேரத்தில் வாயே திறக்காத கட்போல்ட்டார் அன்றைக்குப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். இறுக்கும்போது முறிந்தது என்றால் உள்ளே லேசாகத்தான் நிற்கும். மெழுகுவர்த்தி வேண்டாம், சூடு வேண்டாம். நேராக நடுவில் டிரில் போட்டு ஓட்டை எடுத்தார். அந்த ஓட்டைக்குள் இடதுபக்கமாகச் சுழி வெட்டிய கூர்ப்பான ஒரு டூலை இறக்கினார். அதைத் திருகத் திருக அது போல்ட்டைக் கவ்விக்கொண்டு வெளியே இழுத்து வரும். உருக்கு இரும்பில் செய்தது. ஆள் உண்மையைச் சொன்னால் போல்ட்டும் உண்மையாக இருக்கும் என்று நம்பிவிட்டார் போல. அது எத்தனையோ மழையில் துருப்பிடித்த பழைய போல்ட் என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை, மாயழகு அண்ணனுக்குத் தெரியவும் தெரியாது.

"எங்க கடையில எருமப்பால்தான். டிக்காசன் எறக்குறதுக்கே ஒரு பக்குவம் இருக்கு..." என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா? ஒரு நாளைக்கு வாரேன்ணே" என்று கட்போல்ட்டார் டூலைத் திருகினார்.

'டிக்.'

சின்னச் சத்தம்தான். டூலின் கைப்பிடி அவர் கையில் இருந்தது. நுனி போல்ட்டுக்குள் இருந்தது. போல்ட் இன்ஜினுக்குள் இருந்தது. உருக்கு நுனியை எந்த டிரில்லும் ஓட்டை போடாது. கட் போல்ட்டுக்குள் ஒரு கட் டூல். இந்தத் தொழிலில் இதைவிடக் கேடு கிடையாது.

மாயழகு அண்ணன் எட்டிப் பார்த்தார். வேறு எதையும் நினைக்காமல், நல்ல மனசோடுதான் கேட்டார்.

"தானா ஒடஞ்சிருச்சாண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன். கட்போல்ட்டார் கைப்பிடியை மேஜையில் வைத்தார். மறுபடி அந்தப் பழைய அசதி முகம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றி ஒரு சாக்கில் சுற்றினார்.

"இத எடுக்க ஸ்பார்க் மிஷினு வேணும். கரண்ட்ட வச்சு இரும்ப அரிச்சு எடுக்குறது. ஒருத்தன்கிட்டதான் இருக்கு" என்றார்.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

"நானும் வாரேன்" என்றார் மாயழகு அண்ணன். "ஒடச்சவன் வரணும்னுதானே சட்டம்? நான் போல்ட்ட ஒடச்சேன். நீங்க போல்ட்டுக்குள்ள ஒடச்சீங்க. ரெண்டு பேருந்தானே போகணும்?"

சமயநல்லூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில். சாக்கு மூட்டை கட்போல்ட்டார் மடியில். ஆயில் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. கண்டக்டர், "என்னய்யா மூட்டைல?" என்றார். "தலை" என்றார் கட்போல்ட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

அருளப்பன் பட்டறையில் நல்ல கூட்டம். அவர் தடித்துப்போயிருந்தார், தலை நரைத்திருந்தது. வாசலில் யார் நிற்பது என்று பார்த்ததும் லேத்தை நிறுத்தினார். கட்போல்ட்டார் சாக்கைப் பிரித்து மேஜையில் வைத்தார். அருளப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார். துளைக்குள் மின்னிய சுழியைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவர் சிரிக்கலாம். 'ஒடச்சவன் எங்க' என்று கேட்கலாம். அதற்காகவே இத்தனை வருடம் காத்திருந்தார் என்றால் கூட நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அருளப்பன் டார்ச்சை அணைத்தார். சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இப்ப வர்ற டூலே மட்டம்ணே. எங்கிட்டயும் இப்பிடித்தான். தானா ஒடஞ்சு போகுது."

கட்போல்ட்டார் மானம் போகாமல் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து விட்டுவிட்டார். அந்த வழியாக நடந்து வெளியே வந்துவிட்டால் போதும்.

"தானா ஒடையல அருளு" என்றார் கட்போல்ட்டார். "நாந்தான் ஒடச்சேன். சூடு காட்டாமத் திருகினேன். பேசிக்கிட்டே திருகினேன்."

அருளப்பன் கால் உயரமான ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்கண்ணே. மிஷினு நேரமெடுக்கும். ஒங்களுக்கு முட்டி வலி."

"ஒடச்சவன் உக்காரக் கூடாது" என்றார் கட்போல்ட்டார். ஸ்டூலை எடுத்து என் பக்கம் வைத்தார். "வண்டிக்காரன் உக்காரு."

"இல்லண்ணே, நான் நிக்கிறேன்..."

"உக்காருப்பா."

உட்கார்ந்தேன். மிஷின் எண்ணெய்க்குள் 'சுர்ர்ர்' என்று பொரிந்துகொண்டிருந்தது. கட்போல்ட்டார் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல், கொக்கு மாதிரி நின்றார். தானும் உடைத்தவன்தான் என்று மாயழகு அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், கல்யாணச் சட்டையோடு. சொந்தப் பட்டறையில் உட்கார மனமில்லாமல் அருளப்பனும் மறுபக்கம் நின்றார். மூன்று பேரும் முறிந்த போல்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அருளப்பன் மெதுவாகக் கேட்டார்.

"இன்னமும் அந்த மெழுகுவர்த்திதானாண்ணே?"

"இன்னைக்கு வைக்காமத்தான இப்பிடி."

அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். மாயழகு அண்ணன் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தார்.

நுனியும் போல்ட்டும் வெளியே வந்ததும், இருட்டும்போது வில்லாபுரம் திரும்பி, கட்போல்ட்டார் இன்ஜினை மறுபடி மாட்டி முடித்தார். காலையில் பன் மூட்டையோடு நான் கிளம்பினேன். லைன் என்னிடமே இருந்தது, நானாக அதை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகும்வரை. அவருடைய சட்டமும் மாறவில்லை. இன்றைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், "ஒடச்சவன் எங்க?" தானாம். டூல் உள்ளே முறிந்தால் மட்டும், "சமயநல்லூர்ல என் ஆளு இருக்கான்" என்று அனுப்புகிறாராம்.

எத்தனையோ ஊரில், எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். மற்றவர்கள் நிற்க, நான் மட்டும் உட்கார்ந்திருந்தது அன்று ஒரு நாள்தான். இப்போதும் எந்தப் பட்டறையிலாவது யாராவது ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னால், கட்போல்ட்டாருக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.